ஒரு உயிரெழுத்தில் இருக்கிறது ஆசி: லத்தீனிலும் பிற மொழிகளிலும் வாழ்த்துவது எப்படி

சில மாதங்களுக்கு முன் தூத்துக்குடியிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். அவருடைய குழந்தைக்கு ஞானஸ்நானம். அழைப்பிதழின் மேலே 'கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக' என்ற வரியை லத்தீனில் போட வேண்டும் என்று ஆசை. போனில் இருந்த ஏதோ ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டிப் பார்த்து, வந்த வரியை அச்சகத்துக்கும் அனுப்பிவிட்டார். எதற்கும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று எனக்கும் அனுப்பினார். 'தேயுஸ் தே பெனெதீக்கித்' என்று இருந்தது.

"தம்பி, இது ஆசி இல்லை, செய்தி. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கிறார்னு தகவல் சொல்லுது. உங்களுக்கு வேண்டியது பெனெதீக்கத். 'கி' இருக்கிற இடத்தில் 'க' வரணும்."

"ஒரு எழுத்துதானே அண்ணே?"

ஒரு எழுத்துதான். ஆனால் அந்த ஒரு எழுத்தில்தான் ஆசி இருக்கிறது. அகராதியைப் புரட்டி ஆசீர்வாதம், நன்மை, அமைதி என்று சொற்களைக் கண்டுபிடித்துவிடலாம். அவற்றை வரிசையாக அடுக்கினால் வாழ்த்து ஆகிவிடாது. வாழ்த்துவதற்கென்று ஒவ்வொரு மொழியும் தன் இலக்கணத்தில் ஒரு தனி இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

தமிழ் படித்தவருக்கு இது புதிதில்லை. 'வாழ்கிறான்' என்பது செய்தி. 'வாழ்க' என்பது வாழ்த்து. பள்ளிக்கூடத்தில் வியங்கோள் வினைமுற்று என்று படித்தோமே, அதுதான். 'கயவொடு ரவ்வொற்று ஈற்ற வியங்கோள் இயலும் இடம்பால் எங்கும் என்ப' என்கிறது நன்னூல். வாழ்க, வாழிய, வாழியர் என்று க, ய, ர் ஈற்றில் முடியும் இந்த வடிவம் நான், நீ, அவன், அவள், அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக வரும். யாரை வாழ்த்தினாலும் 'வாழ்க' ஒன்றே போதும். 'ஆசீர்வதிப்பாராக' என்பதில் கடைசியில் நிற்கும் 'ஆக' செய்வதும் இதே வேலையைத்தான்.

லத்தீனில் இதற்கு ஈடாக ஒரு வினை வடிவம் உண்டு. நடந்ததையும் நடப்பதையும் சொல்லாமல், நடக்க வேண்டும் என்று விரும்புவதைச் சொல்லும் வடிவம். அதை அமைக்கும் வழி எளிது. வினையின் கடைசி அசையில் உள்ள உயிரை மாற்ற வேண்டும். 'அ' வரும் வினைகளில் 'எ' வரும். 'எ' அல்லது 'இ' வரும் வினைகளில் 'அ' வரும். 'அமத்' என்றால் நேசிக்கிறான், 'அமெத்' என்றால் நேசிப்பானாக. 'வீவித்' என்றால் வாழ்கிறான், 'வீவத்' என்றால் வாழ்க. 'இருக்கிறது' என்பதற்கு 'எஸ்த்', 'இருக்கட்டும்' என்பதற்கு 'சித்'. தமிழ் வியங்கோளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. லத்தீனில் ஆளுக்கும் எண்ணுக்கும் ஏற்ப ஈறு மாறும். நீ வாழ்க என்றால் 'வீவாஸ்', அவர் வாழ்க என்றால் 'வீவத்', அவர்கள் வாழ்க என்றால் 'வீவந்த்'.

கல்லறைகளில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம். பழைய கிறிஸ்தவக் கல்வெட்டுகள் பலவற்றில் 'ஹிக் ரெக்வியேஸ்கித் இன் பாக்கே' என்று இருக்கும். இன்னார் இங்கே அமைதியில் இளைப்பாறுகிறார் என்பது அதன் பொருள். நம்பிக்கையோடு சொன்ன ஒரு செய்தி. நாம் இன்று 'ஆர்.ஐ.பி.' என்று சுருக்கி எழுதுவது 'ரெக்வியேஸ்கத் இன் பாக்கே', அதாவது அமைதியில் இளைப்பாறுவாராக. இறந்தவர் இருவர் என்றால் 'ரெக்வியேஸ்கந்த்' என்று வர வேண்டும். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே ரோமர்கள் கல்லறையில் எஸ்.டி.டி.எல். என்று நான்கு எழுத்து பொறிப்பார்கள். 'சித் திபி தெர்ரா லெவிஸ்', 'மண் உனக்கு லேசாக இருக்கட்டும்' என்பதன் சுருக்கம் அது. மேலே கொட்டிய மண் பாரமாக அழுத்தக்கூடாதே என்று, போனவரைப் பற்றிக் கவலைப்படுகிற வரி. லத்தீன் வாழ்த்துகளில் என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

அதில் வரும் 'திபி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். 'உனக்கு' என்று பொருள். நான்காம் வேற்றுமை. உயிர் மாற்றத்துக்கு அடுத்தபடியாக லத்தீன் ஆசியில் சிக்கல் வருகிற இடம் இந்த வேற்றுமைதான். ஆசீர்வதிக்கப்படுவது 'உன்னை'யா, 'உனக்கு'வா?

சொல்லைப் பிரித்தால் காரணம் தெரியும். 'பெனெ' என்றால் நன்றாக, 'தீக்கெரே' என்றால் சொல்ல. 'பெனெதீக்கெரே' என்றால் நல்லது சொல்வது. ரோமப் பேச்சாளர் சிசரோ காலத்து லத்தீனில் இது ஒருவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதைத்தான் குறித்தது. யாருக்கு நல்லது சொல்கிறோமோ அவருக்கு நான்காம் வேற்றுமை. சிசரோவுக்கு முன்பே எபிரேய வேதாகமத்தை அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், ஆசியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு 'யூலொகெய்ன்' என்ற சொல்லைப் பிடித்தார்கள். அதுவும் 'நன்று' 'சொல்' என்ற இரண்டின் சேர்க்கைதான். பின்னால் லத்தீன் கிறிஸ்தவர்கள் அந்த வழியிலேயே 'பெனெதீக்கெரே'யை எடுத்துக்கொண்டார்கள். பேச்சைக் குறித்த சொல் அருளைக் குறிக்கும் சொல்லாக வளர்ந்தது. வளர்ந்த பிறகு 'உனக்கு நல்லது சொல்வாராக' என்பதன் பக்கத்தில் 'உன்னை ஆசீர்வதிப்பாராக' என்ற இரண்டாம் வேற்றுமையும் வந்து உட்கார்ந்துவிட்டது. சபை லத்தீனில் இரண்டும் சரி.

இரண்டையும் ஒரே தோலில் பார்க்கலாம். அசிசி நகரத்துப் பேராலயத்தில் உள்ளங்கை அளவில் ஒரு தோல் ஏடு பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 1224-இல் லா வெர்னா மலையில் புனித பிரான்சிஸ் தன் தோழர் சகோதரர் லியோவுக்காகத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது. ஒரு பக்கத்தில் இறைவனுக்குப் புகழ்மாலை. மறுபக்கத்தில் ஆசி. 'பெனெதீக்கத் திபி தோமினுஸ் எத் குஸ்தோதியத் தே' என்று அது தொடங்குகிறது. ஆண்டவர் உனக்கு ஆசி தருவாராக, உன்னைக் காப்பாராக. இங்கே 'திபி', உனக்கு. தொடர்ந்து தன் முகத்தை உனக்குக் காட்டுவாராக, உன்மேல் இரங்குவாராக, முகத்தை உன் பக்கம் திருப்பி உனக்கு அமைதி தருவாராக என்று போகிறது. இதுவரை வேதாகம வரிகள். இதன் கீழே பிரான்சிஸ் தன் சொந்த வரி ஒன்றைச் சேர்க்கிறார். 'ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக, சகோதரர் லியோ, உன்னை.' இங்கே 'தே', உன்னை. அந்த வரிக்கு நடுவே, லியோவின் பெயரை ஊடுருவி, 'தௌ' என்ற எழுத்தைச் சிலுவை மாதிரி வரைந்திருக்கிறார். லியோ அந்த ஏட்டை மடித்துத் தன்னோடு வைத்திருந்தார். இந்த ஆசியை பிரான்சிஸ் தன் கையால் எனக்காக எழுதினார் என்று சிவப்பு மையில் அவரே அதில் குறித்தும் வைத்தார். மடித்த தடம் இன்னமும் தெரிகிறது.

பிரான்சிஸ் எடுத்தாண்ட அந்த வேதாகம வரிகளின் வயது இன்னும் பெரியது. எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில், குருக்கள் மக்களை வாழ்த்த வேண்டிய முறையாக வருபவை அவை. எபிரேயத்தில் மொத்தம் 15 சொற்கள்தான். முதல் வரியில் 3, அடுத்ததில் 5, அதற்கடுத்ததில் 7. ஆசி சொல்லச் சொல்ல விரிந்துகொண்டே போகிறது. 1979-இல் எருசலேமின் கேதெஃப் ஹின்னோம் என்ற இடத்துப் பழங்கல்லறைகளில் தொல்லியல் அறிஞர் கேப்ரியல் பர்காய் குழுவினர் சுருட்டிய இரண்டு சின்ன வெள்ளித் தகடுகளை எடுத்தார்கள். உடையாமல் பிரிப்பதற்கே ஆண்டுகள் ஆயின. பிரித்துப் பார்த்தால் உள்ளே கீறியிருந்தது இந்த ஆசியின் வரிகள். ஏறத்தாழ 2,600 ஆண்டுப் பழமை. யாரோ கழுத்தில் தாயத்து மாதிரி போட்டிருந்திருக்க வேண்டும்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதே வரிகளைப் பழைய மொழிபெயர்ப்பில் நன்றாக அறிவார்கள். 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்.' அந்தக் 'கடவர்' எனக்கு எப்போதும் வியப்பு. கடன், கடமை என்ற சொற்களின் பக்கத்தில் வைத்துத்தான் நாம் அதைக் கேட்கிறோம். அதனால் 'காப்பாராக' என்பதைவிட ஒரு பிடி கூடுதல் உறுதி அதில் இருக்கிறது. லத்தீனின் 'குஸ்தோதியத்' வெறும் விருப்பம். தமிழில் அந்த விருப்பத்துக்கு முதுகெலும்பு முளைத்திருக்கிறது.

இவ்வளவு தெரிந்தால் லத்தீனில் ஒரு எளிய ஆசியை நாமே எழுதிவிடலாம். ஒருவருக்கு என்றால் 'தேயுஸ் தே பெனெதீக்கத்'. பலருக்கு என்றால் 'தே' இருந்த இடத்தில் 'வோஸ்'. அமைதி வேண்டுமானால் 'பாக்ஸ் திபி', பலருக்கு 'பாக்ஸ் வோபிஸ்'. பெயர் சேர்க்கும்போது மட்டும் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே விளி வேற்றுமை வரும். மார்க்குஸ் என்பவரைக் கூப்பிட்டால் 'மார்க்கே'. அந்தோனியுஸ் என்பவரைக் கூப்பிட்டால் 'அந்தோனி'. நம் ஊர் அந்தோணி போர்த்துக்கீசியர் வழியாக வந்த பெயர். ஆனாலும் லத்தீனில் அவரை வாழ்த்தும்போது கிட்டத்தட்ட நம் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே ஒலிப்பதில் ஒரு சந்தோஷம்.

உலகமே கேட்கிற லத்தீன் ஆசி ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களிலும் புதிய திருத்தந்தை தேர்வாகும்போதும் புனித பேதுரு பேராலயத்து மாடத்திலிருந்து சொல்லப்படும் 'உர்பி எத் ஓர்பி'. நகருக்கும் உலகுக்கும் என்று பொருள். இரண்டு சொல்லும் நான்காம் வேற்றுமை என்பதைப் பாருங்கள். இந்தப் பெயரில் வினையே இல்லை. 'க்கு' என்ற உருபு மட்டுமே போதும், யாருக்காக இந்த வாழ்த்து என்று தெரிந்துவிடுகிறது. 2020 மார்ச் 27 அன்று, கொரோனா உச்சத்தில், மழை பெய்துகொண்டிருந்த, ஆளே இல்லாத சதுக்கத்தை நோக்கித் திருத்தந்தை பிரான்சிஸ் அதைக் கொடுத்தார். நகரும் உலகும் அன்று வீட்டுக்குள் இருந்தன. 2025 மே 8 அன்று தேர்வான திருத்தந்தை பதினான்காம் லியோ முதல் வார்த்தையாக இத்தாலியத்தில் 'உங்கள் அனைவரோடும் அமைதி இருப்பதாக' என்றார். அதில் அவர் சொன்ன 'சியா' லத்தீனின் 'சித்' வழி வந்த பிள்ளைதான்.

லத்தீன் ஆசி என்றாலே கோயில் மொழி என்று நினைத்துவிடக்கூடாது. ரோமர்கள் நாள் பூராவும் வாழ்த்திக்கொண்டுதான் இருந்தார்கள். விடைபெறும்போது சொல்லும் 'வாலே' என்பதற்கு 'வலுவாக இரு' என்று பொருள். நம் 'நல்லா இரு' மாதிரியே ஏவல் வடிவில் ஒரு வாழ்த்து. தும்மினால் வாழ்த்தும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. தும்மினவருக்கு ஏன் நலம் சொல்கிறோம் என்று முதல் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினி கேட்கிறார். சிரிக்கவே தெரியாதவர் என்று பெயரெடுத்த பேரரசர் திபேரியுஸ்கூட வண்டியில் போகும்போது இதை எதிர்பார்ப்பாராம். நம் வீட்டுப் பாட்டிகள் 'நூறு ஆயுசு' என்பார்களே, அதே இடம்.

அப்புறம் பொருள்களில் எழுதிய வாழ்த்துகள். ரோமானியர் காலத்து இடைவார்களிலும் ஆடை ஊசிகளிலும் 'ஊதெரே ஃபேலிக்ஸ்' என்று பொறித்தவை கிடைத்திருக்கின்றன. 'மகிழ்ச்சியாக இதைப் பயன்படுத்து' என்று பொருள். செய்தவரோ பரிசளித்தவரோ வாங்கியவரின் கையில் வைத்த ஆசி. துருக்கியில் இன்றைக்கும் புதுச் சட்டை போட்டவரிடம், புது வண்டி வாங்கியவரிடம் 'க்யுலே க்யுலே குல்லான்' என்பார்கள். 'சிரித்துச் சிரித்துப் பயன்படுத்து.' லத்தீனும் துருக்கியும் உறவுமுறையே இல்லாத மொழிகள். ஆசை மட்டும் ஒன்று.

துருக்கி மொழியை இந்த விஷயத்தில் பெரிய செல்வம் என்றே சொல்வேன். சமைத்தவரிடம் 'உங்கள் கைக்கு நலம்' என்பார்கள். வேலை செய்துகொண்டிருப்பவரைத் தாண்டிப் போகும்போது 'கொலாய் கெல்சின்', எளிதாக வரட்டும். நோயாளியிடம் 'கெச்மிஷ் ஓல்சுன்', கடந்துபோனதாக ஆகட்டும். படுக்கையில் கிடப்பவரிடம் சீக்கிரம் குணமாகும் என்று சொல்வது ஒன்று. உன் நோய் இப்போதே பழங்கதையாகட்டும் என்று சொல்வது வேறொன்று. கேட்கிற காதுக்கு இரண்டாவதில் கொஞ்சம் கூடுதல் தெம்பு.

அரபு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே பல ஆசிகள் இறந்தகால வடிவிலேயே வரும். திருமண வாழ்த்தான 'பாரகல்லாஹு லக' சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அல்லாஹ் உனக்கு பரக்கத் (அருள்வளம்) செய்தான்'. பொருளோ 'செய்வானாக'. வேண்டியதை நடந்து முடிந்ததாகவே சொல்லிவிடுவது நல்ல சகுனம் என்று விளக்குவார்கள். தமிழ் இஸ்லாமிய நூல்களைப் படிப்பவர்கள் பெயர்களுக்குப் பின்னால் (ரலி), (ரஹ்) என்ற சுருக்கங்களைப் பார்த்திருப்பார்கள். 'ரலியல்லாஹு அன்ஹு', 'ரஹிமஹுல்லாஹ்' என்பவற்றின் சுருக்கம். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக, அவருக்கு அருள் புரிவானாக. இவையும் அரபு இலக்கணப்படி இறந்தகாலம்தான். ரோமரின் எஸ்.டி.டி.எல். கல்லில் செய்ததை இந்த அடைப்புக்குறிகள் தாளில் செய்கின்றன. பெயரைக் கடக்கும்போதெல்லாம் ஒரு வாழ்த்து. பேச்சுத்தமிழிலும் இதற்கு ஒரு தங்கச்சி உண்டு. 'நல்லா இருப்பே கண்ணு' என்று கிழவி தலையில் கை வைக்கும்போது அது எதிர்காலம். விருப்பமாகச் சொல்லாமல், நடக்கப்போவதாகவே சொல்லிவிடுகிறாள்.

சமஸ்கிருதம் ஆசிக்கென்றே தனி வினை வடிவம் வைத்திருக்கிறது. ஆசீர்லிங் என்று பெயர். 'பூயாத்' என்றால் ஆகுக. இருந்தாலும் நம் காதில் விழுவது பெரும்பாலும் 'தீர்க்காயுஷ்மான் பவ' என்ற ஏவல் வடிவம்தான். ஆசிக்கு இரண்டு வடிவமும் வரலாம் என்று பாணினியே சூத்திரம் எழுதியிருக்கிறார். இன்னொரு சூத்திரத்தில், ஆயுள், நலம், சுகம் முதலியவற்றை வாழ்த்தும்போது பெறுபவருக்கு நான்காம் வேற்றுமை வரலாம் என்கிறார். லத்தீனின் 'திபி', நம் 'உனக்கு', எல்லாம் அங்கேயும் அதே வாசலில்தான் நிற்கின்றன.

வடிவத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரிஷ் நல்ல பாடம். பயணம் கிளம்புபவரிடம் ஐரிஷ்காரர்கள் 'கோ நைரீ அன் போஹர் லத்' என்பார்கள். ஆங்கிலத்தில் இது 'பாதை உன்னை எதிர்கொள்ள எழுந்து வரட்டும்' என்று மாறி, உலகம் முழுக்கச் சுவரொட்டிகளிலும் தேநீர்க் கோப்பைகளிலும் ஏறிவிட்டது. அழகான படம்தான். ஆனால் மூலத்தில் பாதை எங்கேயும் எழவில்லை. 'எழு' என்ற ஐரிஷ் வினையோடு 'உன்னோடு' என்ற சொல் சேர்ந்தால் 'உனக்குக் கைகூடட்டும்' என்று பொருள். போகிற வழி நல்லபடியாக அமையட்டும், அவ்வளவுதான். 'பிள்ளை தலையெடுக்கட்டும்' என்ற நம் வாழ்த்தை யாராவது தலையை எடுப்பதாகப் பெயர்த்தால் எப்படி இருக்கும்? அதே ஐரிஷில் 'நன்றி' என்பதே ஒரு ஆசி. 'கோ ரவ் மஹ் அகத்', உன்னிடம் நன்மை இருக்கட்டும்.

ஆயுள் வாழ்த்துகளில் மட்டும் மொழிபெயர்ப்பு சிரமமில்லை. லத்தீனில் 'அத் முல்தோஸ் அன்னோஸ்', கிரேக்கத்தில் 'ஹ்ரோன்யா பொல்லா', இரண்டும் நம் பல்லாண்டுதான். போலந்துக்காரர்கள் 'ஸ்தோ லாத்' என்று நூறு ஆண்டு பாடுவார்கள். யூதர்கள் மோசேயின் வயதை வைத்து 120 வரை என்பார்கள். சிங்களத்தின் 'ஆயுபோவன்' என்ற வணக்கமே நீண்ட ஆயுளுக்கான வாழ்த்து.

ஆசிக்குப் பதில் சொல்வதும் முறையின் ஒரு பாதி. அயர்லாந்தில் 'தியா துட்', 'கடவுள் உனக்கு' என்று ஒருவர் வணங்கினால், 'கடவுளும் மரியாவும் உனக்கு' என்று ஒரு பங்கு கூட்டித்தான் பதில் வரும். அஸ்ஸலாமு அலைக்கும் என்பதற்கும் அதைவிடச் சிறந்ததையோ, குறைந்தபட்சம் அதையேயோ திருப்பிச் சொல்ல வேண்டும் என்கிறது குர்ஆன். லத்தீன் வழிபாட்டில் குரு 'தோமினுஸ் வோபிஸ்கும்' என்பார். ஆண்டவர் உங்களோடு. இங்கேயும் வினை இல்லை. 'இருக்கிறார்' என்றும் எடுக்கலாம், 'இருப்பாராக' என்றும் எடுக்கலாம். தமிழ் வழிபாடு 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்று வாழ்த்தின் பக்கம் நின்றது. அந்தத் தேர்வு சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிகளுக்குக் கதவு திறக்கும் வரை நம் ஊர் கத்தோலிக்கக் கோயில்களிலும் பூசை லத்தீனில்தான். அதனால் நண்பரின் அழைப்பிதழில் ஏறப்போகும் வரி அவர் குடும்பத்துக்கு அந்நியமில்லை. அச்சகத்துக்கு உடனே போன் போட்டு நிறுத்தினார். கடைசியில் புனித பிரான்சிஸ் சகோதரர் லியோவுக்கு எழுதிய அந்த முதல் வரியையே வைத்துக்கொண்டோம்: 'பெனெதீக்கத் திபி தோமினுஸ் எத் குஸ்தோதியத் தே'. கீழே தமிழில் 'ஆண்டவர் உனக்கு ஆசி தந்து உன்னைக் காப்பாராக'.

அட்டை வந்த அன்று அதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். அவருடைய அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சின்ன வயதில் கன்னியர் மடத்துப் பள்ளியில் பாடகர் குழுவில் இருந்தவர். லத்தீன் பொருள் எதுவும் அவருக்குத் தெரியாது. "இது எங்க காலத்துப் பூசைப் பேச்சுல்ல?" என்று கேட்டிருக்கிறார். பேரன் சும்மா சோதித்துப் பார்க்க "தோமினுஸ் வோபிஸ்கும்" என்று சொல்ல, கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்காமலே, ராகத்தோடு பதில் வந்ததாம்: "எத் கும் ஸ்பிரித்து துவோ."

உன் ஆவியோடும்.